கழுதையின் காது

கழுதைக்கு இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. குட்டி பின்னால் நின்று கூப்பிட்டாலும் கேட்கவில்லை. சந்தையில் ஒருமுறை அதைத் தொலைத்தே விட்டது.

எல்லா இலையையும் தின்று பார்த்த ஆடு, பூண்டு எண்ணெய் காய்ச்சி வலது காதில் ஊற்றியது. ஆஸ்பத்திரி மதிலில் வசிக்கும் குரங்கு, இடது காதில் சொட்டு மருந்து விட்டது. ஒன்றும் ஆகவில்லை.

“எண்ணெயில் பஜ்ஜி போடலாம், காது குணமாகாது,” என்றது குரங்கு.

“உன் பாட்டிலில் இருப்பது என்னவென்று உனக்கே தெரியாதுடா,” என்றது ஆடு.

“கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கப்பா,” என்றது கழுதை.

சண்டை சாயங்காலம்வரை நடந்தது. அப்போது குட்டி “அம்மா” என்றது. கழுதை சட்டென்று திரும்பியது.

“என் எண்ணெய்தான்,” என்றது ஆடு.

“என் மருந்துதான்,” என்றது குரங்கு.

இரண்டு காதிலும் அடைத்திருந்த கொழுத்த உண்ணிகளைப் பொறுக்கித் தின்றுவிட்டு, கழுதையின் முதுகில் அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது மைனா.