உள்ளங்கைப் பச்சை

குஞ்சு பொரிப்பகத்தில் தமயந்தியின் வரிசையிலிருந்து மட்டும் அந்த வாரம் ஒரு குஞ்சுகூட, பிழைக்காதவற்றை வலியின்றிக் கொல்லும் உறக்கப் பெட்டிக்குப் போகவில்லை. மேற்பார்வையாளர் கதிரேசன் வந்து நின்றார்.

"நீங்க அனுப்பற குஞ்சுக பண்ணைக்குப் போற வழியிலயே துடிச்சுச் சாகுதாமுங்க. நோயாளிக் குஞ்சைப் பிரிக்கறதில்லீங்களா?"

"விளக்கு சிவக்க மாட்டேங்குதுங்க."

குஞ்சின் வலியைக் காட்டும் விளக்கு அது. சிவந்தால்தான் பெட்டி திறக்கும், சட்டம் அப்படி. அவள் உள்ளங்கையில் தொப்புள் மூடாத குஞ்சு ஒன்று கண்ணயர்ந்திருந்தது. விளக்கு பச்சையாகவே எரிந்தது.

"கை கதகதப்புல அதுக்கு வலி தெரியாதுங்க. தகரத் தட்டுல வச்சுப் பாருங்க" என்றார் கதிரேசன்.

அது பிழைக்காது என்று தமயந்திக்கும் தெரியும். "போகட்டுமுங்க. கையில தூங்கறப்பவே பெட்டிக்கு அனுப்பிட்டா என்னங்க?"

"வலியில்லாத உயிரை எடுத்தா குத்தமுங்க."

தமயந்தி குஞ்சைத் தட்டில் இறக்கினாள். சில்லென்ற தகரத்தில் அது விழித்துக்கொண்டு, தலையைத் தூக்கி அவள் விரலைத் தேடிக் கத்தியது.

விளக்கு சிவந்தது. பெட்டி திறந்தது.