லென்ஸுக்குக் கொடுத்த தோள்

குளக்கரையில் காலை வெயில் இன்னும் சூடேறவில்லை. கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். கேமரா ஸ்டாண்ட் வீட்டில் கிடப்பதால், முழ நீள லென்ஸ் அவள் தோளில் படுத்திருக்கிறது. "துடைக்க மட்டும் மூணு துணி எடுத்து வெச்சீங்களே, ஸ்டாண்டை எப்படி மறந்தீங்க?" "பேசாத, படம் ஆடுது." அவள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். மீன்கொத்தி அவள் முதுகுக்குப் பின்னால், நாணல் தண்டில் இருக்கிறது. அவளுக்குத் தெரிவதெல்லாம் இறுக்கி மூடிய அவருடைய ஒரு கண்ணும், சவரத்துக்குத் தப்பிய இரண்டு நரைமுடியும்தான். அந்த முகத்தை இத்தனை கிட்டத்தில் பார்த்து வருஷக்கணக்காகிறது. கேமரா சடசடக்கிறது. அவளுடைய தலையைத் தாண்டி, அவருடைய தலைக்கும் மேலே, நீலமாக ஒன்று விர்ரென்று போய் மறைகிறது. அவள் வாயைத் திறக்கவில்லை. அவரும் கண்ணை எடுக்கவில்லை. "அசையாத," என்கிறார் மெல்ல, "இன்னும் அங்கேயேதான் இருக்கு." அவள் மறுபடியும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்.