தாய்மாமன் வரட்டும்

"இன்னுமா காது குத்தல? ரோட்டை மறிச்சுப் பந்தல் போட்டா வண்டி எப்படிம்மா போகும்?" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

"தாய்மாமன் மடியில வச்சுத்தான் சார் குத்தணும். எங்கண்ணன் வந்ததும் குத்திட்டுக் கெளம்பிருவோம்" என்றாள், மொட்டையடித்த மகளை இடுப்பில் வைத்திருந்த தமிழ்வாணி.

"எங்கம்மா இருக்காரு? ஜீப்பை அனுப்பிக் கூட்டியாரச் சொல்றேன்."

"ஒங்க ஸ்டேஷன்லதான் சார். எங்க மேய்ச்சல் நெலத்துல ராணுவத் தளம் வேணாம்னு நேத்து இதே எடத்துல உக்காந்தவரை நீங்கதானே தூக்கிட்டுப் போனீங்க?"

தளத்துக்குக் கம்பிவேலி ஏற்றி வந்த லாரிகள் பின்னால் ஹாரன் அடித்தன.

"சரி, உங்கண்ணனை விட்டுடுறேன்."

"அவரை மட்டும் விட்டா எப்படி சார்?" தமிழ்வாணி நிமிர்ந்து பந்தலைக் காட்டினாள். உள்ளே மொட்டைத் தலையோடு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "இதுகளோட தாய்மாமன்மாரும் அங்கதான் இருக்காக."