தலைவர் கொடுத்த சாம்பிள்

"இந்தப் பாயாவத் துன்னுட்டுதான் தெருவே படுத்துகினு கீது. மொதல்ல கடைய இழுத்து மூடு!"

தெரு நலச் சங்கத் தலைவர் மதுரைவீரன் போட்ட சத்தத்தில் ஜஹானாரா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். பூந்தமல்லியில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் விற்றுத்தான் அவள் குடும்பமே ஓடுகிறது. அவள் தள்ளுவண்டி அவர் வீட்டு வாசலில் நிற்பதால் காரைத் திருப்ப முடியவில்லையாம். இந்த மனுஷன் கரித்துக்கொட்டாத நாளே கிடையாது.

"அல்லா மேல ஆணையா, கொதிக்கக் கொதிக்கத்தான் விக்கிறேன்மா," என்று சுகாதாரத் துறையிலிருந்து வந்த கார்த்திகாவிடம் கெஞ்சினாள்.

தெருவில் பாதிப் பேருக்கு வாந்தி, பேதி. கார்த்திகா ஆளுக்கொரு டப்பாவை நீட்டினாள்.

"இதுல மலம் எடுத்துக் குடுங்க. எந்த வைரஸ், அதுல எந்த ரகம்னு லேப்ல சொல்லிடுவாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் கடை வேணாம்மா."

டப்பாவைப் பார்த்ததும் தெருவே நெளிந்தது.

"அய்ய, இத்தப் போயி எப்டிம்மா கைல தூக்கினு வர்றது?"

மதுரைவீரன் மட்டும் நெஞ்சை நிமிர்த்தினார்.

"எனுக்கும்தான் அந்தப் பாயாவால புடுங்கிகினு போவுது. குடும்மா இப்டி, மொதல் ஆளா நான் தரேன்!"

சொன்னபடியே கொண்டுவந்தும் கொடுத்தார். அடேயப்பா, என்ன பெருந்தன்மை!

'இவரு என்னிக்கு நம்ம கடையில சாப்ட்டாரு?' ஜஹானாரா மண்டையைக் குடைந்துகொண்டாள். ஒருவேளை பார்சல் வாங்கியிருப்பாரோ? தன் கையால் ஒரு மனுஷனுக்குக் கெடுதல் நடந்துவிட்டதோ என்று அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

ரிசல்ட்டோடு கார்த்திகா வந்த அன்று தெருவே கூடிவிட்டது.

"எல்லாருக்கும் ஒரே வைரஸ், ஒரே ரகம். பாயா பக்கமே போகாதவங்களுக்கும் அதேதான். சங்கத்துத் தண்ணித் தொட்டியிலயும் அதே ரகம் இருக்கு. நீங்க கடையத் தொறக்கலாம்மா."

ஜஹானாராவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மதுரைவீரன் எகிறினார். "தொட்டி கெடக்கட்டும்மா! எனுக்கு பாயாலதான் வந்துச்சு. என் ரிசல்ட்ட சொல்லு!"

கார்த்திகா தயங்கினாள். "சார்… கொஞ்சம் தனியா வர்றீங்களா?"

"இன்னாத்துக்குத் தனியா? என்கிட்ட ஒளிவுமறைவே கெடையாது. நாலு பேரு கேக்கட்டும், ஒரக்க சொல்லு!"

"உங்க சாம்பிள்ல மட்டும் வேற வைரஸ் சார். அந்த ரகம் நாய்க்குட்டிங்களுக்கு வர்றது. மனுஷங்களுக்கு வர்றது ரொம்ப அபூர்வம். லேப்ல நம்பாம மறுபடியும் டெஸ்ட் பண்ணாங்க."

தெருவே அவர் பக்கம் திரும்பியது. மதுரைவீரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் அவர் மனைவி அனுசுயா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து கார்த்திகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவேள கண்டுபுட்ச்ச தாயி! பாவம், சுருண்டு படுத்துகினு கீது. எங்க ஜிம்மிக்கு இன்னா மருந்து குடுக்கணும்?"