சமையலுக்கு ஒரு ஆள்

"சமையலுக்கு ஆள் வச்சா இப்பல்லாம் என்ன கேக்கறா, அன்பு?"

ரத்னா மாமி இப்படிக் கேட்டதும், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அன்புக்கரசிக்குச் சுருக்கென்றது. சம்பளத்தில் ஐந்நூறு ரூபாய் கூட்டித் தரச் சொல்லி மூன்று மாதமாக அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்பதோடு சரி. இன்று ஒன்றாம் தேதி. கூட்டித் தராவிட்டால் இந்த மயிலாப்பூர் வீட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுவது என்று பெரும்பாக்கத்தில் பஸ் ஏறும்போதே முடிவு செய்துகொண்டுதான் வந்தாள். இங்கே என்னடாவென்றால், சமையலுக்கு ஆள் தேடுகிறார்களாம்.

"வீட்டுக்கு வீடு மாறும் மாமி" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

"சும்மா சொல்லேன். நாலு பேர் இருக்கற ஆத்துல?"

"ஒரு வேளைக்கு எட்டாயிரம். ரெண்டு வேளைன்னா பன்னெண்டு. அடையாறு காந்தி நகர்ல கிரீஷ் சார் வீட்டுக்கு நான் போய்க்கினு கீறேன்ல, அவங்களே ஆள் கெடைக்காம தேடிக்கினு கீறாங்க."

மாமி காபி கலக்கப் போனாள். பன்னிரண்டாயிரம் என்றால் யாருக்கும் முகம் சுருங்கும். மாமிக்குச் சுருங்கவில்லை. அதிலேயே அன்புக்கரசிக்கு இன்னும் கொஞ்சம் எரிச்சல் ஏறியது.

தொட்டியில் இருந்ததே நாலைந்து பாத்திரம்தான். முன்பெல்லாம் குவிந்து கிடக்கும். கொஞ்ச நாளாக ஒரு குக்கர், இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், அவ்வளவுதான். போனில் தட்டினால் வாசலுக்குச் சாப்பாடு வருகிற காலம். காசு இருக்கிறவர்கள் வரவழைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று அவளே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

வழக்கம்போல மாமி அடுக்களை வாசற்படியிலும் அன்புக்கரசி எதிரே பால்கனியிலுமாக உட்கார்ந்தார்கள். பதின்மூன்று வருடமாகப் பத்தரை மணிக்கு இந்த இடத்தில் இந்தக் காபி உண்டு. இன்று அது கொஞ்சம் தண்ணீராக இருந்தது.

"நீ வந்து சேர்ந்தப்போ உனக்கு என்ன குடுத்தேன், ஞாபகம் இருக்கா?"

"எண்ணூறு. கூட ஒரு முழம் மல்லி."

மாமி சிரித்தாள். அப்போது இந்த வீட்டுக்கு வாடகை ஏழாயிரம், இன்று இருபத்திரண்டு என்றாள். மாமா பத்ரிநாராயணன் அன்று வாங்கியது பதினெட்டாயிரம்தானாம். அதிலேயே மாதம் ஒரு நாள் ஹோட்டல், வருடம் ஒரு புது கொலு பொம்மை, தீபாவளிக்குத் தி. நகரில் துணிமணி எல்லாம் நடந்ததாம். எப்படி நடந்தது என்று இப்போது யோசித்தால் மாமிக்கே புரியவில்லையாம்.

அன்புக்கரசிக்கும் அந்த நாட்கள் கண்ணில் வந்து நின்றன. அடையாற்றின் கரையில் வீடு. இருபது நிமிடம் நடந்தால் மாமி வீடு. கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வரும் மகள் அன்புச்செல்விக்குக் கொலுச் சமயத்தில் இரண்டு பங்கு சுண்டல். வெள்ளம் வந்து போன பிறகு எல்லோரையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லைதான். இரண்டு பஸ் மாறுவதில் அரை நாள் போகிறதே, அதை யார் தருவார்கள்? அப்போது நேரத்துக்கு வர முடியவில்லை என்று மூன்று வீடுகள் வேறு ஆள் வைத்துக்கொண்டன. பத்து மணிக்கு வந்தால் போதும் என்றது இந்த மாமி மட்டும்தான். அப்படிப்பட்ட வீட்டையா விட்டுவிட்டுப் போவது என்று இருந்தது அவளுக்கு.

மாமி விடுவதாக இல்லை. லீவு போட்டால் சம்பளத்தில் பிடிப்பார்களா, காபி கொடுப்பார்களா, மிஞ்சியதை எடுத்துக்கொண்டு போக விடுவார்களா என்று வரிசையாகக் கேட்டாள். யாரோ ஒரு பாவப்பட்ட சமையல்காரியை எதிலெல்லாம் பிடித்து இழுக்கலாம் என்று பார்க்கிறாள் போலிருக்கிறது.

"உப்பு கொஞ்சம் தூக்கலாப் போயிட்டா?"

"ரெண்டு வார்த்தை சொல்வாங்க. கேட்டுக்கினு வரணும். வேலைக்குன்னு வந்துட்டா ரோசம் பாக்க முடியுமா மாமி?"

மாமி தலையை ஆட்டிக்கொண்டாள். உள்ளே போய்ச் சம்பளத்தை எடுத்து வந்து கொடுத்தாள். அன்புக்கரசி எண்ணிப் பார்த்தாள். அதே மூவாயிரம். பதின்மூன்று வருடத்தில் முதல் தடவையாக, கூடப் பூ இல்லை.

அவளுக்குப் பொறுக்கவில்லை. "சமையலுக்கு ஆள் வச்சுப் பன்னெண்டாயிரம் குடுப்பீங்க. எனக்கு ஐந்நூறு கூட்ட முடியலியா? சொல்லிடுங்க மாமி, நான் நின்னுக்கறேன்."

மாமி மறுபடி வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"மாமாவோட கம்பெனியை மூடி நாலு மாசம் ஆறது. தினம் காலம்பற சட்டையை மாட்டிண்டு வேலை தேடிண்டு போறார். அம்பத்தாறு வயசுல யார் குடுப்பா?" என்றவள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நாளைக்கு அந்தக் காந்தி நகர் ஆத்துக்கு என்னை அழைச்சுண்டு போறியா அன்பு? சமையல் நன்னாப் பண்ணுவேன்னு நீதான் சொல்லணும். முதல் சம்பளம் வந்ததும் உன் ஐந்நூறைத்தான் முதல்ல கூட்டுவேன்."