முழங்கைக்கு மேலே

"எதுக்கு இப்போ கண்ணடிக்கிறீங்க? தம்பி உக்காந்திருக்கான்ல" என்று அக்கா சிரித்தாள்.

"நான் எங்கடி கண்ணடிச்சேன்?" அத்தான் இடது கையால் சட்டைப் பித்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வலது கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போய்ப் பல மாதங்களாகியிருந்தன. அக்கா எழுந்துபோய்ப் பித்தானைப் போட்டுவிட்டாள். அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்று காலைதான் கடைசி.

அன்று விசாரணை. அத்தான் மூக்குக்கண்ணாடித் தொழிற்சாலையில் கண்ணாடி தேய்ப்பவர். வலது முழங்கையை மேஜை விளிம்பில் ஊன்றினால்தான் கை ஆடாது. ஊன்றி ஊன்றியே நரம்பு அழுந்திவிட்டது என்பது எங்கள் கட்சி. வேலைக்கும் கைக்கும் சம்பந்தமில்லை என்றது கம்பெனி. ஜெயித்தால் இழப்பீடு, தோற்றால் மரத்த கையோடு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

ஆதாரம் திரட்டியது அக்கா. விடுமுறை நாளெல்லாம் மருத்துவக் கல்லூரி நூலகத்தில் கிடந்தாள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்தாள். சமையலறைச் சுவரில் முழங்கை நரம்பின் படம் தொங்கியது. "நீ மட்டும் டாக்டருக்குப் படிச்சிருந்தா, எங்கிட்டயே ஃபீஸ் கேட்டிருப்படி" என்பார் அத்தான்.

வக்கீல் ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தார். "முழங்கைக்கு மேல போகாதீங்கம்மா. கழுத்து, தோள், நெஞ்சுன்னு எந்தக் கட்டுரை பேசினாலும் கழிச்சிடுங்க. வேற காரணம் இருக்கலாம்னு நாமளே எடுத்துக் கொடுத்தா, அதையே பிடிச்சுத் தொங்குவாங்க."

அக்கா கழித்தாள். முழங்கையை மடக்கிக் காட்டியபடி அத்தான் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் ஒன்றையும் கட்டுரைகளோடு சேர்த்துக் கொடுத்தாள்.

கொடுத்த வாரமே கம்பெனி டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது. நெஞ்சை எக்ஸ்ரே எடுத்து அனுப்ப வேண்டுமாம்.

"கைக்கு வந்த நோவுக்கு நெஞ்சை எதுக்கு சார் படம் எடுக்கணும்?" என்றாள் அக்கா.

வக்கீல் அத்தானிடம் திரும்பினார். "சிகரெட் பழக்கம் உண்டா?"

"விட்டு ரொம்ப நாளாச்சுங்க."

"அப்போ இது வலைதான். புகைச்சுக் கெட்ட உடம்புன்னு சொல்லி கேஸைக் குழி தோண்டிப் புதைச்சிடுவாங்க. கையைத் தவிர எதையும் காட்டாதீங்க."

கடிதம் மறுபடியும் வந்தது. அதன் பிறகும் வந்தது. ஒவ்வொரு முறையும் அக்கா இன்னும் ஆத்திரத்தோடு நூலகத்துக்கு ஓடினாள். முகம் தெரியாத அந்த டாக்டருக்குக் 'கழுகு' என்று பெயரும் வைத்தாள்.

விசாரணை அறையில்தான் கழுகை முதலில் பார்த்தோம். நரைத்த குட்டை முடி வைத்த பெண்மணி. முன்னால் இருந்த காகிதங்களைப் புரட்டாமல் அத்தானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி ஓடவில்லை, எல்லோருக்கும் வேர்த்து வழிந்தது. அத்தான் கைக்குட்டையை எடுத்து முகத்தின் இடது பாதியை மட்டும் துடைத்துக்கொண்டார். கழுகின் கழுத்து சற்று முன்னால் நீண்டது.

"பாக்கிற பார்வையைப் பாரு, செத்த மாட்டுக்கு மேல வட்டம் போடற மாதிரி" என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

அக்கா சேர்த்த கட்டுரைகளை எங்கள் வக்கீல் ஒவ்வொன்றாக எடுத்து வீசினார். எதிர்த்தரப்பு திணறியது. கடைசியில் விசாரணை அதிகாரி கேட்டார்: "டாக்டர், நரம்பு அழுந்தியிருக்கா இல்லையா?"

"அழுந்தியிருக்கு. ஆனா ஏன்னு தெரிய, இன்னொரு பரிசோதனை..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்" என்று எங்கள் வக்கீல் வெட்டினார். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது.

வெளியே நடைவழியில் அக்கா அத்தானின் மரத்த கையைப் பிடித்துக் குழந்தை மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தாள். கழுகு நேராக எங்களிடம் வந்தார்.

"அதான் தோத்தாச்சுல்ல? இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?" என்றாள் அக்கா.

அவர் கையில் அந்தப் புகைப்படம் இருந்தது. முழங்கையை விட்டுவிட்டு, அத்தானின் வலது கண்ணின் மேல் விரலை வைத்தார்.

"கேஸ் முடியற வரைக்கும் உங்ககூடப் பேசக் கூடாதுன்னு கட்டிப்போட்டிருந்தாங்க. இப்போ பேசலாம். இந்த இமை எத்தனை நாளா இறங்கியிருக்கு? முகத்துல இந்தப் பக்கம் வேர்க்கிறதே இல்லையா?"

அக்கா அத்தானைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் கண்ணடித்த அதே கண், அதே மாதிரி பாதி மூடிக் கிடந்தது.

"நுரையீரல் உச்சியில கட்டி வந்தா, கைக்குப் போற நரம்பை அழுத்தும். கண்ணுக்குப் போறதையும் அழுத்தும். இன்னிக்கே எக்ஸ்ரே எடுத்துடுங்க." கழுகின் குரல் இறங்கியது. "அதைக் கேட்டது கம்பெனி இல்லம்மா. நான்தான்."

எடுத்தோம். அடுத்த கோடை வருவதற்குள் அத்தான் போய்விட்டார்.

வேறு நல்ல படம் இல்லாததால் அந்தப் புகைப்படத்தையே பெரிதாக்கிச் சட்டம் போட்டோம். ஸ்டூடியோவில் முழங்கையை வெட்டி எடுத்துவிட்டார்கள், முகம் மட்டும்தான் இருக்கிறது. அக்கா தினமும் அதைத் துடைக்கிறாள். நான் போகிற நாட்களில் கண்ணாடிக்கு அருகே குனிந்து மெல்லச் சொல்கிறாள்:

"தம்பி வந்திருக்கான். கண்ணடிக்காதீங்க."