குச்சனூரில் நின்ற வண்டி

மனைவி ராஜாத்தியின் நச்சரிப்பில், பண்ணைப்புரத்திலிருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பிய சுருளியாண்டியின் பழைய பைக், மூன்றாவது ஞாயிறாகக் குச்சனூரில் நின்றுபோனது. ராஜாத்தி விடவில்லை. அங்கேயே மெக்கானிக் இனியனின் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வரவைத்தாள்.

"இக்னிஷன் காயில் சூடானா பிளக்குக்குக் கரண்ட் வராது, வண்டி நின்னுரும்; ஆறுனா வந்துரும். ஓடவிட்டுப் பாத்தாத்தான் தெரியும்," என்றான் இனியன்.

அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, காயிலில் மீட்டரை வைத்தான். "நல்லாத்தான் இருக்கு."

"இன்னொருக்கா சூடாக்கிப் பாருப்பா," என்றாள் ராஜாத்தி.

சுருளியாண்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், டீ வாங்கிக் குடிக்காமல் வைத்தார். இரண்டாவது முறையும் காயில் நன்றாகவே இருந்தது. ராஜாத்தி போனோடு ரோட்டுப் பக்கம் நகர்ந்ததும் இனியனை ஓரமாக அழைத்தார்.

"தம்பி, காயில் போச்சுன்னு சொல்லிருங்க. வர்ற வழியில பெட்ரோல் குழாயை மூடுனதும், இங்க வந்து தொறந்துவிட்டதும் நான்தான். இஷ்டப்பட்டவனக் கட்டிக்கிட்ட மகள, என் வாசப்படி மிதிக்காதன்னு சொன்னவன் நான். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ வீட்டுக்குப் போறது?"

"அம்மாவுக்குத் தெரியும்யா. நீங்க மூடுனதப் பின்னால இருந்து பாத்துட்டாக. ஒரு மணி நேரம் இழுக்கச் சொன்னதே அவுகதான்."

எதற்கு என்று அவர் கேட்பதற்குள் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. மகள் நதியா இறங்கினாள்.

"வண்டிக்கு என்னப்பா?"

மூன்று வருடம் கழித்துக் கேட்கும் குரல்.

"நான்தான் நிப்பாட்டுனேன் ஆத்தா," என்றார்.